நட்சத்திர மீன் போலவே ஒரு லார்வா

பிப்ரவரி 11, செவ்வாய்

காலையில் கிண்ணத்துக்குத் தண்ணீர் மாற்றினேன். கடலில் போட்ட வலையில் வந்த லார்வாக்கள் மூன்று. இரண்டை வெட்டி மரபணுச் சோதனைக்குக் கொடுத்தாகிவிட்டது. மிச்சம் இந்த ஒன்றுதான். கட்டைவிரல் நகம் அளவுக்கு நீளம். லார்வாக்களில் இது ராட்சசக் குழந்தை. கண்ணாடி போன்ற உடம்பு, ஓரமெல்லாம் மெல்லிய கைகள், அவற்றின் விளிம்பில் குற்றிழைகள் என்கிற நுண்மயிர்கள் ஓயாமல் துடிக்கின்றன. மெதுவாகச் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதற்கு அவசரமே இல்லை. அவசரமெல்லாம் எங்களுக்குத்தான்.

வழக்கம்போல் பாதிக் கடல்நீர், பாதி ஏகார்ன் புழுத் தொட்டியின் நீர். அந்த நீர் கலந்தால்தான் இது நன்றாகச் சாப்பிடுகிறது. ஏன் என்று தெரியாது, என் கைப்பக்குவம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் புழுக்கள் மணலுக்குள் கிடந்து கோழையைக் கக்கிக்கொண்டே இருக்கும். டிங்ச்சர் வாசனை. வீட்டுக்குப் போனால் அம்மா, "யாருக்கு அடிபட்டுச்சு?" என்பாள்.

இந்த லார்வாவைப் பற்றிய கட்டுரை அறிவியல் இதழின் கையில் இருக்கிறது. தம்பியும் நானும் சேர்ந்து எழுதியது. அவன் மாடியில் மரபணு ஆய்வகத்தில், நான் கீழே வளர்ப்பறையில். ஒரே நிறுவனத்தில் அக்காவும் தம்பியும் இருப்பதால் எங்களுக்குக் 'குடும்பக் கம்பெனி' என்று பெயர். என் வேலை நிரந்தரம். அவனுடையது வருடா வருடம் புதுப்பிக்கும் ஒப்பந்தம். இனிமேல் புதுப்பிக்கவும் முடியாதாம். கட்டுரை வெளிவந்தால் மார்ச் கடைசியில் நிரந்தரமாக்குவதாக இயக்குநர் சொல்லியிருக்கிறார். வெளிவராவிட்டால் வெளியே.

பிப்ரவரி 13, வியாழன்

பதில் வரவில்லை. தம்பி மூன்று முறை கீழே எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். கடிதம் என்னவோ கிண்ணத்துக்குள் வரும் என்பதுபோல.

பிப்ரவரி 16, ஞாயிறு

வீட்டில். அம்மா துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "ரெண்டு பேரும் சேர்ந்து அப்படி என்னதான்டி கண்டுபிடிச்சீங்க?"

சொன்னேன். முதுகெலும்பு வருவதற்கு முன்னால் முதுகில் நாண் மாதிரி ஒரு தண்டு வந்தது. அது உள்ளவை எல்லாம் முதுகுநாணிகள்: நாம், மீன், தவளை, எங்கள் தொட்டி மணலில் புதைந்து கிடக்கிற ஆம்பியாக்சஸ் என்கிற விரல் நீளப் பிராணி. நமக்கு நெருங்கிய உறவு இரண்டு கூட்டம். ஒன்று ஏகார்ன் புழுக்கள். இன்னொன்று முட்தோலிகள், அதாவது நட்சத்திர மீன், கடல் வெள்ளரி, கடல் முள்ளெலி. அந்த இரண்டும் தங்களுக்குள் உடன்பிறப்புகள். நமக்கு ஒன்றுவிட்ட வகை.

"அப்போ நண்டு?"

"நண்டு ரொம்ப தூரம்மா."

"நண்டுக்குக் கண்ணு, காலெல்லாம் ஒழுங்கா இருக்கு, அது தூரமா? மூஞ்சியே இல்லாதது பங்காளியா?"

"கருவுல பாத்தா தெரியும். அந்தப் பக்கத்து ஆளுங்க பல பேருக்கு முதல்ல வர்ற ஓட்டை வாய் ஆகும். நமக்கும் நட்சத்திர மீனுக்கும் முதல்ல வர்றது பின்வாசல். வாய் அப்புறம்தான்."

அம்மா யோசித்தாள். "சிலர் பேசுறதைக் கேட்டா எனக்கே அந்தச் சந்தேகம் வந்திருக்கு."

பிறகு, "எவ்வளவு நெருக்கம்? கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்கிற அளவா, இழவுக்கு மட்டும் சொல்லி அனுப்புற அளவா?" என்றாள். இழவுக்கு என்றேன். ஐம்பது கோடி வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது பேச்சுவார்த்தை விட்டுப்போய்.

"சரி, அதெல்லாம் இருக்கட்டும். தம்பிக்கு வேலை நிரந்தரமாயிடுமில்ல?"

பிப்ரவரி 20, வியாழன்

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்! அடுத்த மாதக் கடைசியில் அச்சு. அட்டையில் எங்கள் லார்வாவின் படம்.

இயக்குநர் முதல் தடவையாக வளர்ப்பறைக்குள் வந்தார். செருப்பு நனையாமல் எங்கே நிற்பது என்று இடம் தேடினார். கண்டுபிடிப்பை ஒரு வரியில் சொல்லச் சொன்னார். சொன்னேன்: ஏகார்ன் புழுவின் லார்வாவும் நட்சத்திர மீனின் லார்வாவும் ஒரே சாயல் என்பது பழைய செய்தி. ஆனால் புழுவினுடையதற்குப் பின்பக்கம் ஒரு குற்றிழை வளையம் இருக்கும், அதை வைத்துத்தான் பிரித்துச் சொல்வோம். எங்களுடையதற்கு அந்த வளையம் இல்லை. பார்த்தால் அச்சு அசல் நட்சத்திர மீனின் லார்வா. மரபணுவோ ஏகார்ன் புழு என்கிறது. இரண்டு குடும்பமும் ஒரே கூரையில் இருந்த காலத்து முகம் இன்னும் எங்கோ ஒரு புழுவிடம் பிழைத்திருக்கிறது.

மிகப் பழைய கல்படிவங்களில் முட்தோலிகளுக்கும் நம் மூதாதைகளைப் போலச் செவுள் துளைகள் இருந்தது தெரிகிறது என்றும் சொல்ல நினைத்தேன். அவர் அதற்குள் தம்பியின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "உங்க தம்பி விஷயம் இனிமே என் பொறுப்பு."

அவர் போனதும் தம்பி கிண்ணத்தின்மேல் குனிந்தான். தண்ணீரும் வாசனையும் அவனுக்கு ஆகாது. இந்த அறைக்குள் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவான். இன்று பிடிக்கவில்லை. "நல்லா இருடா ராசா" என்றான். சந்தோஷமாக இருந்தது. எழுதிவைக்கிற அளவுக்குச் சந்தோஷம்.

பிப்ரவரி 27, வியாழன்

லார்வாவின் இடது பக்கம், வயிற்றுக்கு அருகில் ஒரு புடைப்பு. பாசி அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ?

மார்ச் 1, சனி

புடைப்பு இல்லை. மொட்டு. அதில் மடல்கள்.

ஐந்து.

விளக்கைத் திருப்பி வைத்துப் பார்த்தேன். வேறு லென்ஸ் போட்டுப் பார்த்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தேன். அஞ்சுதான்.

ஏகார்ன் புழுவின் உடம்பில் ஐந்து என்று எதுவும் கிடையாது. இப்படி ஐந்தாக விரிகிற கூட்டம் ஒன்றே ஒன்று. முட்தோலியின் லார்வா நம்மைப் போல இடமும் வலமும் சமமாக இருக்கும். பிறகு ஒருநாள் இடது பக்கத்திலிருந்து மட்டும் ஒரு புது ஆள் முளைப்பான், ஐந்து கையோடு. வலது பக்கத்துக்கு அதில் பெரிய பங்கு எதுவும் இல்லை. முதலாமாண்டு மாணவர்களுக்கு நானே நடத்துகிற பாடம் இது.

'நட்சத்திர மீனின் லார்வாவை வியக்கத்தக்க அளவில் ஒத்திருக்கிறது' என்று எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறோம். ஒத்திருக்காமல்? அது நட்சத்திர மீனின் லார்வா!

கண்ணு தெரியலையா எனக்கு? இத்தனை வருஷமா இந்த ரூம்ல உக்காந்து என்னத்தப் பாத்துக் கிழிச்சேன்?

மார்ச் 2, ஞாயிறு

தூங்கி எழுந்ததும் பதில் தெரிந்துவிட்டது. தண்ணீர்.

புழுத் தொட்டியின் நீரை நான்தான் கலந்தேன். சல்லடையில் வடிகட்டினாலும் கோழை கரைந்து வரும். கோழையில் புழுவின் மரபணு. வெட்டிய துண்டுகளின்மேல் அது ஒட்டியிருக்கும். தம்பி அன்று, நல்ல நீரில் இரண்டு தடவை அலசிவிட்டுச் சோதிக்கலாமா என்று கேட்டான். "கழுவாத, சிதைஞ்சு போயிடும்" என்றது நான். இரண்டு துண்டிலும் புழு என்றே முடிவு வந்தது. இரண்டும் ஒரே கிண்ணம், ஒரே கோழை. அவன் படித்தது லார்வாவை இல்லை, என் கைப்பக்குவத்தை.

அம்மாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 3, திங்கள்

தம்பியிடம் சொன்னேன். மாடியில், அவன் மேசையில். முதலில் சிரித்தான்.

"விளையாடாதக்கா."

படத்தைக் காட்டினேன். சிரிப்பு போய்விட்டது. எழுந்து கதவைச் சாத்தினான்.

"வேற யாரு பாத்தாங்க?"

"யாரும் பாக்கல."

"அப்போ இன்னிக்கே ஃபார்மலின்ல போட்டுடு. உருமாறுறதுக்கு முன்னாடி செத்துப் போச்சுன்னு எழுதிக்கலாம். லார்வா சாகுறது என்ன புதுசா?"

புதிதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. லார்வாக்கள் சாவதற்கென்றே பிறந்தவை. இது செத்தது என்று சொன்னால் உலகத்தில் ஒருவர்கூட ஏன் என்று கேட்கமாட்டார்கள்.

"அடுத்த வருஷம் வேற யாராவது வளர்த்துப் பாப்பாங்கடா."

"பாக்கட்டும். அதுக்குள்ள நான் நிரந்தரமாயிடுவேன்." பிறகு தாழ்ந்த குரலில், "கழுவ வேணாம்னு சொன்னது நீ" என்றான்.

"ஆமா."

"உனக்கு நிரந்தர வேலை. உனக்கு என்ன போகுது?"

கீழே வந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஃபார்மலின் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தேன். மூடியைத் திறக்கவில்லை. தண்ணீரை மட்டும் மாற்றினேன், வெறும் கடல்நீர். அப்படியும் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. கைப்பக்குவமும் பொய்.

மார்ச் 6, வியாழன்

தம்பி மனைவி போன் செய்தாள். "என்ன அண்ணி, ரெண்டு பேருக்கும் என்ன சண்டை? சரியா சாப்பிடக்கூட மாட்டேங்கறாரு. கேட்டா, போய் உன் அண்ணியையே கேளுன்னு எரிஞ்சு விழறாரு."

எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். இடையில் குழந்தை எதையோ கீழே தள்ளிய சத்தம். அதற்கும் அவள் அசையவில்லை.

"நீங்க சொல்றது புரியுது அண்ணி. பொய்யைப் போடச் சொல்லி நான் கேக்கல. பாப்பாவை இந்த வருஷம் ஸ்கூல்ல சேர்க்கணும். எந்த ஊர்ல சேர்க்கறதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்."

அவள் கத்தியிருக்கலாம். எனக்கு லேசாக இருந்திருக்கும்.

மார்ச் 8, சனி

விடுமுறை நாள், ஆனாலும் போனேன். மொட்டு பெரிதாகிவிட்டது. லார்வாவின் கீழ்ப்பாதியில் ஒரு குட்டி நட்சத்திரம் தொங்குகிறது, மூட்டை மாதிரி.

பக்கத்துத் தொட்டியில் ஆம்பியாக்சஸ்கள் மணலிலிருந்து மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. முதுகுநாண் மூக்கு நுனி வரை ஓடும். நம் முன்னோர் ஏறத்தாழ இந்தத் தோற்றத்தில் இருந்திருக்கலாம். இதன் லார்வாவுக்கு வாய் இடது பக்கம் ஒருக்களித்துத் திறந்து, பிறகுதான் நடுவுக்கு வரும். நட்சத்திர மீனுக்கு இடது பக்கம் முளைத்தவனே முழு ஆளாகிவிடுகிறான். பெரிய குடும்பம், ஆளுக்கு ஒரு கோணல். இதையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தால் அதை யோசிக்க வேண்டாம், அதனால் யோசித்தேன்.

அது என்னவென்றால், இயக்குநரிடம் போவதா வேண்டாமா? போனால் தம்பியைப் பிடித்துக் கொடுத்தவள் ஆவேன். போகாவிட்டால் அந்த எட்டுப் பக்கத்தில் என் பெயரும் இருக்கும், அவன் பெயரும் இருக்கும், இரண்டுக்கும் கீழே ஒரு பொய் இருக்கும். புதன்கிழமை வரை பார்ப்பது. பிறகு நானே போய்ச் சொல்வது.

மார்ச் 11, செவ்வாய்

தம்பி வந்தான்.

கூப்பிடவில்லை, அவனாகவே. நாற்காலியை இழுத்துப் போட்டு நுண்ணோக்கியில் கண்ணை வைத்தான். நான் தொட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தொட்டியையே திரும்பத் துடைத்தேன்.

வெகுநேரம் கழித்து, "ஏய், கழண்டுக்கிச்சு" என்றான்.

போய்ப் பார்த்தேன். பெரிய உடம்பு மேலே நீந்திக்கொண்டிருக்க, நட்சத்திரம் கழன்று கிண்ணத்தின் அடியில் கிடந்தது. குப்புற விழுந்து, கொஞ்சம் சும்மா இருந்து, பிறகு குழாய்க்கால்களை ஒவ்வொன்றாக நீட்டிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நகர ஆரம்பித்தது.

"நடக்குதுக்கா!"

"ம்."

"தலை எந்தப் பக்கம்?"

"இப்போ புதுசா சொல்றாங்க. அதுக்கு உடம்புன்னே ஒண்ணு கிடையாதாம். மரபணுக் கணக்கு பாத்தா முழுக்கத் தலைதானாம்."

"எனக்கேவா? மரபணு என் டிபார்ட்மென்ட்." கண்ணை எடுக்காமலே சொன்னான். "முழுக்கத் தலை. ஆனா மூளை மட்டும் இல்ல. நம்ம சொந்தம்தான், சந்தேகமே இல்ல."

சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். ஒரு வாரத்துக்குப் பிறகு.

"மேல அந்த உடம்பு இன்னும் நீந்திக்கிட்டே இருக்கே, அதுக்கு என்ன ஆகும்?"

"வயிறு கீழ போயிடுச்சு. சாப்பிட முடியாது. இருக்கிற தெம்பு வரைக்கும் நீந்தும்."

ஃபார்மலின் புட்டி இன்னும் மேசைமேல்தான் இருந்தது. போகும்போது எடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனான்.

மார்ச் 12, புதன்

நான் இயக்குநரிடம் போவதற்குள் அவன் முந்திக்கொண்டான். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக இதழுக்குக் காலையிலேயே எழுதி அனுப்பிவிட்டு, பிறகுதான் எனக்குக் காட்டினான். மாதிரிகளை அலசாமல் சோதித்தது மரபணு ஆய்வகத்தின் தவறு என்று இருந்தது. வளர்ப்பறையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்னைப் பற்றியும் இல்லை.

"கழுவாதேன்னு சொன்னது நான்னு எழுதுடா."

"எதுக்கு? ரெண்டு பேர் பேரும் கெடணுமா? ஒருத்தராவது உள்ள இருக்கணும்."

விடவில்லை. நேராக இயக்குநரிடம் போய் தண்ணீர் விஷயத்தைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, ஒரே வீட்ல ரெண்டு தியாகியா? எனக்கு ஒருத்தர் போதும். போய் வேலையைப் பாருங்க."

போய் வேலையைப் பார்த்தேன். அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

மார்ச் 15, சனி

அந்த வெற்று உடம்பு நீந்துவதை நிறுத்திவிட்டது.

மார்ச் 28, வெள்ளி

நிரந்தர இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டார்கள். நல்ல பையன் என்கிறார்கள். இருக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி குடும்பம் ஊர் மாறுகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் அவனுக்கு வேலை கிடைத்திருக்கிறது. "அங்க எல்லாத்தையும் நல்லா கழுவுவாங்களாம்" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தான். அம்மாவுக்கு இன்னும் முழுக் கதை தெரியாது. 'அந்த நட்சத்திர மீனால வந்தது' என்ற அளவில் தெரியும். அக்கம்பக்கத்தில் விசாரிப்பவர்களிடம், தூரத்துச் சொந்தம் காலை வாரிவிட்டது என்கிறாளாம்.

போவதற்கு முன் வளர்ப்பறைக்கு வந்தான். நட்சத்திரத்துக்கு இப்போது தனித் தொட்டி கொடுத்திருக்கிறேன். துவரம்பருப்பு அளவு இருக்கிறது. குட்டிச் சிப்பிகளின்மேல் படுத்துக்கொண்டு, வயிற்றை வெளியே தள்ளித் தின்கிறது. அந்த அநாகரிகத்தை அவன் ரசித்துப் பார்த்தான்.

"இதை மட்டும் நல்லா பாத்துக்கோக்கா. என் வேலைக்குப் பதிலா மிச்சம் இதுதான்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் வண்டி தெருமுனை திரும்பியதும் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதேன்.

மே 4, ஞாயிறு

தம்பி போன். ஞாயிறானால் கூப்பிடுகிறான். அம்மாவை விசாரிக்கிறானோ இல்லையோ, "அவன் எப்படி இருக்கான்?" என்று கேட்காமல் வைப்பதில்லை. பட்டாணி அளவு என்றேன். ஒரு கை மற்றதைவிடக் குட்டை என்றேன். "குட்டையா? பாத்துக்கிட்டே இரு" என்றான், டாக்டர் மாதிரி.

மே 20, செவ்வாய்

குட்டைக் கை மற்றவற்றை எட்டிப் பிடித்துவிட்டது. இதைத் தெரிந்துகொள்ள ஞாயிறு வரை அவன் காத்திருக்க வேண்டாம் என்று நானே போன் செய்தேன். வேலையில் இருந்தான். பின்னால் யாரோ வரிசை எண் கூப்பிடும் சத்தம். "சூப்பர்க்கா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான். குரலில் சந்தோஷம் இருந்தது. எனக்கு அது போதும்.

மே 27, செவ்வாய்

நட்சத்திரம் இறந்துவிட்டது.

காலையில் பார்க்கும்போதே கைகள் தளர்ந்து, தோல் வெளுத்து, கண்ணாடியை விட்டுவிட்டுக் கிடந்தது. நீரின் சூடு சரி, உப்பு சரி, காற்றுக்குழாய் சரி. மற்ற தொட்டிகளில் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மதியத்துக்குள் கரையத் தொடங்கிவிட்டது. தொட்டிப் பதிவில் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதினேன். உண்மை அதுதான்.

ஜூன் 1, ஞாயிறு

தம்பி கூப்பிட்டான். பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டார்களாம். சேர்க்கப் போன அன்றே ஒருவனைக் கடித்துவிட்டாளாம். புது வீட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம். வேலையைப் பற்றி, "ம், போகுது" என்றான்.

பிறகு, "அவன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான்" என்றேன்.

"சாப்பிடறானா?"

"போன வாரத்தை விட அதிகமா."

"லீவுக்கு எல்லாரும் வரோம்க்கா. பாப்பாவுக்குக் காட்டணும். அப்பாவோட வேலையைத் தின்ன மீனுன்னு சொல்லி வெச்சிருக்கேன், எப்போ எப்போன்னு குதிக்கிறா." சிரித்தான். அவன் இப்படி வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது.

"வாங்க. வந்து பாருங்க" என்றேன்.

ஜூன் 2, திங்கள்

எங்களுக்கு வலை போடும் படகோட்டியைப் பார்த்தேன். அந்த மூன்று லார்வாக்களும் கிடைத்த இடத்தில், அதே ஆழத்தில், திரும்பவும் வலை போட வேண்டும் என்றேன். இந்த மாதத்தில் அங்கே ஒன்றும் வராது என்கிறார். வராது என்று எனக்கும் தெரியும். நாளைக் காலை வருகிறேன், வலையை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.